ஆயாவின் குரலும் பழைய கேசட் செட்டும்

எங்கள் வண்டி 1998 மாடல் மாருதி ஆம்னி. வழக்கறிஞர் தோழர் ஒருவர் புது வண்டி வாங்கியபோது பழையதை எங்களுக்குக் கொடுத்தார். அதோடு சேர்ந்து வந்ததுதான் அந்தக் கேசட் செட். கேசட் போடும் வாய், எஃப்எம் ரேடியோ, இரண்டு ஸ்பீக்கர். பென் டிரைவ் சொருக இடம் கிடையாது, ஆக்ஸ் ஓட்டையும் கிடையாது. பார்த்தவர்கள் எல்லோரும், "இத தூக்கிப் போட்டுட்டு புதுசா ஒண்ணு மாட்டுங்களேன்" என்றார்கள். ஓட்டுநர் அண்ணன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்ப இந்தப் பையில இருக்கறத எங்கப் போட்டுக் கேக்கறது?" என்று சீட்டுக்கு அடியில் இருந்த மஞ்சப்பையைக் காட்டுவார்.

அந்தப் பையில் நாற்பதுக்கு மேல் கேசட்டுகள் இருக்கின்றன. 1991இல் அம்பேத்கர் நூற்றாண்டையொட்டியும் அதற்குப் பிறகும் கூட்டங்களில் வாங்கியவை. 2016 சனவரியில் காலமான கே.ஏ. குணசேகரன் பாடியவையும் அதில் உண்டு. எங்களில் பலர் அரசியலைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே கேசட்டில் கேட்டவர்கள். வீட்டில் ரேடியோப் பெட்டி இல்லாதவர்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கேட்டோம். ஆகவே செட்டைக் கழற்றுவது என்ற பேச்சே எங்களிடம் எடுபடவில்லை.

ஆனால் இந்த ஆண்டு ஒரு சிக்கல் வந்தது. நாங்கள் கேட்க வேண்டிய குரல் கேசட்டில் இல்லை.

எங்கள் காலனியில் ஒரு ஆயா இருக்கிறார். வயது எழுபதுக்கு மேல். சுற்றுவட்டாரத்தில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. காரணம் அவருடைய ஒப்பாரி. எங்கள் பக்கம் மட்டுமல்ல, ஊர்த்தெருவில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஆள் அனுப்பி ஆயாவைக் கூப்பிடுவார்கள். வாசலுக்கு வெளியே, பந்தலின் ஓரத்தில் உட்கார்ந்து, செத்தவரின் பெருமையைச் சொல்லிச் சொல்லி அழ வேண்டும். முடிந்ததும் கொஞ்சம் அரிசி, ஒரு புடவை, கையில் ஏதோ காசு. வீட்டுக்குள் நுழைந்ததில்லை. ஆனால் அவர் குரல் அந்தத் தெருவின் கடைசி வீடு வரைக்கும் போகும்.

போன ஆண்டு பொங்கலுக்குப் பிறகு ஆயாவின் குரல் கம்மத் தொடங்கியது. சளி என்றார்கள், வேப்பங்கொழுந்து என்றார்கள். கடைசியில் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் பார்த்தபோது தொண்டையில் புற்று என்று தெரிந்தது. குரல்வளையை முழுவதும் எடுத்தால்தான் உயிர் பிழைக்கும் என்று மருத்துவர் சொன்னார். எடுத்த பிறகு மூச்சு கழுத்தில் போடும் ஓட்டை வழியாகப் போகும். பேச்சு வராது. பாட்டு வராது.

அறுவைக்கு நாள் குறித்துக் கொடுத்தபோது எங்களுக்கு இருபது நாள் இருந்தது. எங்களிடம் ஒரு சின்ன எம்பி3 பிளேயர் உண்டு. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. பாட்டும் கேட்கலாம், மைக் இருப்பதால் பதிவும் செய்யலாம். கிராமங்களுக்குப் போகும்போது வாக்குமூலம் பதிவு செய்வதற்காக வாங்கியது. அதைக் கொண்டுபோய் ஆயாவின் திண்ணையில் வைத்தோம். தொண்டை நன்றாக இருந்த விடியற்காலைகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பாடினார். மொத்தம் பதினேழு பாட்டு. ஒப்பாரி ஏழு, நடவுப் பாட்டு ஆறு, தாலாட்டு நான்கு. குரல் கம்மித்தான் இருக்கிறது. இடையிடையே இருமல் வருகிறது, கோழி கூவுகிறது. இருந்தாலும் அது ஆயாவின் குரல்.

அறுவை முடிந்து நான்காம் நாள் நாங்கள் பார்க்கப் போனோம். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சைகைதான். எங்கள் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். பிளேயரை எடுத்துக் கொடுத்தோம். இயர்போனைக் காதில் வைத்தபோது தலையை ஆட்டி எடுத்துவிட்டார். விரலால் எங்கள் ஒவ்வொருவரையும் சுட்டிக் காட்டி, பிறகு தன் காதைத் தொட்டார். எல்லோருமாகக் கேட்க வேண்டும் என்கிறார். வார்டில் அது முடியாது. "வூட்டுக்குப் போறப்ப வண்டியில போடறோம் ஆயா" என்று ஓட்டுநர் அண்ணன் சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் யோசித்தோம். எப்படிப் போடுவது? ஆம்னியில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. பிளேயரின் சின்ன ஸ்பீக்கர் அந்தச் சத்தத்தில் ஈ முரள்வதுபோலத்தான் கேட்கும். வண்டி செட்டோடு இணைத்தே ஆக வேண்டும். ஆயாவை வீட்டுக்கு அனுப்ப இன்னும் பத்து நாள் இருந்தது.

முதலில் ரிச்சி தெருவுக்குப் போய் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் ஒன்று வாங்கினோம். சிகரெட் லைட்டர் ஓட்டையில் சொருகும் சாமான். பிளேயரிலிருந்து ஒரு வயரை அதில் மாட்டினால், அது ஒரு குட்டி வானொலி நிலையம்போல வேலை செய்யும். அதில் ஓர் அலைவரிசையை வைத்து, செட்டின் ரேடியோவிலும் அதே எண்ணை வைத்தால் பாட்டு கேட்கும். வயர் வேலை எதுவுமில்லை, யாரும் செய்துகொள்ளலாம். ஆனால் அந்தக் குட்டி நிலையத்துக்குச் சக்தி சில அடி தூரத்துக்குத்தான். அதே எண்ணிலோ பக்கத்து எண்ணிலோ உண்மையான நிலையம் ஒன்று இருந்தால் அது இதை விழுங்கிவிடும். சென்னையில் 91.1 தொடங்கி 106.4 வரைக்கும் நிலையங்கள் நெருக்கி உட்கார்ந்திருக்கின்றன. 88.1இல் ஓரளவு காலி இடம் பிடித்து வைத்தோம். வண்டியை நிறுத்தியிருக்கும்போது நன்றாகத்தான் பாடியது. சோதனைக்குத் தாம்பரம் வரை ஓட்டிப் பார்த்தோம். ஆயா ஒரு வரி பாடுவார், அடுத்த வரி கரகரவென்று போகும், நடுவில் யாரோ துணிக்கடை விளம்பரம் பேசுவார்கள். ஏற்கெனவே கம்மிய குரல். அதன் மேல் இந்தக் கரகரப்பும் ஏறினால் என்ன மிஞ்சும்? அண்ணன் அதைப் பிடுங்கி டேஷ்போர்டுக்குள் போட்டார்.

அடுத்து ஒரு கார் ஆடியோ கடையில் கேட்டோம். அங்கிருந்த எலக்ட்ரீசியன் தம்பி செட்டை வெளியே இழுத்துப் பின்பக்கத்தைக் காட்டினார். பல செட்டுகளில் பின்பக்கம் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆர்சிஏ குழிகள் இருக்கும். அதில் உள்ளே வாங்கும் குழி இருந்தால் ஒரு வயரோடு வேலை முடிந்தது. சிவப்பு வலது, வெள்ளை இடது. எங்கள் செட்டில் அது இல்லை. செட்டைப் பிரித்து, கேசட்டின் ஒலி வால்யூம் கட்டுப்பாட்டுக்குப் போகும் இடத்தில் வயரைச் சால்டர் வைத்து வெளியே எடுக்கலாம் என்றார். செய்யலாம், ஆனால் பழைய போர்டு, சூடு தாங்காமல் தடம் பெயர்ந்தால் கேசட்டும் போய்விடும் என்று அவரே எச்சரித்தார். இன்னொன்றும் சொன்னார். அவசரப்பட்டுப் பிளேயர் வயரை ஸ்பீக்கர் வயரோடு முறுக்கி ஒட்டிவிடாதீர்கள், அது ஒலி வெளியே வருகிற வழி, உள்ளே போகிற வழியல்ல, இரண்டும் கெட்டுவிடும் என்றார். தெரியாமல் அப்படிச் செய்து செட்டோடு வருகிறவர்கள் உண்டாம்.

கடைசியில் அவர்தான் ஒரு பழைய டப்பாவிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தார். பார்க்கக் கேசட்தான். ஆனால் உள்ளே டேப் இல்லை, ஓரத்தில் ஒரு வயர் தொங்குகிறது, வயரின் முனையில் பிளேயரில் சொருகும் 3.5 மில்லிமீட்டர் பின். கேசட் அடாப்டர்.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டபோது எங்களுக்கு வியப்பாக இருந்தது. சாதாரணக் கேசட்டில் காந்தப் பொடி பூசிய டேப், நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் செட்டின் ஹெட்டை உரசிக்கொண்டு ஓடும். டேப்பில் இருக்கும் காந்த ஏற்ற இறக்கத்தை ஹெட் மின்சாரமாக மாற்றும், அதுதான் பாட்டாகக் கேட்கிறது. அடாப்டரில் டேப் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு ஹெட் வைத்திருக்கிறார்கள். பிளேயரிலிருந்து வரும் மின்சாரம் அந்த ஹெட்டில் காந்தமாக மாறுகிறது. எதிரே இருக்கும் செட்டின் ஹெட், வந்தது டேப்பா கம்பியா என்று பார்ப்பதில்லை. காந்தம் வருகிறது, பாட்டாக்கிக் கொடுக்கிறது. ஒரே நிபந்தனை, இரண்டு ஹெட்டும் ஒன்றையொன்று அழுத்தித் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் மயிரிழை இடைவெளி விழுந்தாலும் குரல் மங்கிவிடும்.

போட்டவுடனே பாடிவிடவில்லை. உள்ளே தள்ளியதும் டக்கென்று சத்தம், சில நொடியில் மறுபடி டக். பிறகு கேசட்டையே வெளியே துப்பியது. எங்கள் செட் ஆட்டோ ரிவர்ஸ் வகை. கேசட்டின் சக்கரங்கள் சுற்றுவது நின்றால், டேப் தீர்ந்துவிட்டது என்று நினைத்து அடுத்த பக்கத்துக்குத் திரும்பும். அதை ஏமாற்றத்தான் அடாப்டருக்குள் சின்னப் பற்சக்கரங்கள் வைத்திருக்கிறார்கள். எங்களுடையதில் நெடுநாள் டப்பாவில் கிடந்ததால் ஒரு பற்சக்கரம் இறுகிப் போயிருந்தது. ஓரத்துத் திருகுகளைக் கழற்றித் தூசியைத் துடைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றி இளக்கிவிட்டோம். துப்புவது நின்றது.

பாட்டு வந்தது. ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. அதற்கும் காரணம் உண்டு. கேசட் டேப்பின் அகலம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதில் ஒரு பாதி முதல் பக்கத்துக்கு, மறு பாதி இரண்டாம் பக்கத்துக்கு. அடாப்டரின் ஹெட் ஒரு பாதிக்கு நேராக மட்டுமே நிற்கிறது. செட் மறுபக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தால் இரண்டும் சந்திக்காது. பக்கம் மாற்றும் பட்டனை ஒரு முறை அழுத்தியதும் ஆயா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். பிறகு மருந்துக் கடையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்கி, காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு ஹெட்டைத் துடைத்தோம். பஞ்சு காபிப்பொடி நிறத்துக்கு மாறியது. இருபது ஆண்டுக் கேசட்டுகளின் பொடி. துடைத்த பிறகு, பதிவு செய்த அன்று விடியற்காலையில் ஆயா வளையலைத் தள்ளிவிட்ட சத்தம்கூடக் கேட்டது.

ஒலி அளவில் ஒரு கணக்கு இருப்பதையும் அன்றுதான் கற்றோம். இப்போது வால்யூம் இரண்டு இடத்தில் இருக்கிறது. பிளேயரில் ஒன்று, செட்டில் ஒன்று. பிளேயரை மிகக் குறைத்து செட்டை ஏற்றினால் உஸ்ஸென்ற இரைச்சலும் சேர்ந்து ஏறும். பிளேயரைக் கடைசி வரை ஏற்றினால் குரல் உடையும். பிளேயரை முக்கால் பங்கில் வைத்துவிட்டு, மீதியைச் செட்டில் ஏற்றுவதுதான் சரி.

ஆயாவை அழைத்துவரும் நாள் வந்தது. கழுத்தில் மெல்லிய துணியைக் கட்டிக்கொண்டு நடு சீட்டில் உட்கார்ந்தார். வயர் அங்கே வரை எட்டியது. பிளேயர் ஆயாவின் கையில். பட்டனை அழுத்துவதை ஒரு முறை காட்டினோம், பிடித்துக்கொண்டார். செங்கல்பட்டு தாண்டும் வரை நடவுப் பாட்டு. மதுராந்தகம் ஏரி ஓரத்தில் மழை தூறியது. அச்சிறுபாக்கத்தில் டீ குடிக்க இறங்கியபோதும் ஆயா இறங்கவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. சில இடங்களில் பாட்டை நிறுத்தி, கையை இல்லை என்று ஆட்டுவார். அந்த வரியைத் தப்பாகப் பாடிவிட்டாராம். திருத்திப் பாட முடியாது என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். நாங்கள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம்.

திண்டிவனம் தாண்டி எங்கள் சாலையில் திரும்பினோம். எங்கள் காலனிக்கு வேறு வழி கிடையாது. ஊர்த்தெரு வழியாகத்தான் போக வேண்டும். திருப்பத்தில் வேகத்தடை. அதற்குப் பத்தடி முன்னால் ஓட்டுநர் அண்ணனின் இடது கை தானாகப் போய்ச் செட்டின் வால்யூமைக் குறைத்தது.

இதை அவர் இன்று செய்யவில்லை. இந்த வண்டி வந்த நாளிலிருந்து செய்கிறார். அந்த மஞ்சப்பைக் கேசட்டுகள் எல்லாம் இந்தத் தெருவில் வாய் பொத்தித்தான் போயிருக்கின்றன. நாங்கள் யாரும் அவரை அப்படிச் செய்யச் சொன்னதில்லை. செய்யாதீர்கள் என்றும் சொன்னதில்லை. 2015 மே மாதம் மகாராட்டிரத்தில் ஷீரடியில், கைபேசியில் அம்பேத்கரைப் போற்றும் ரிங்டோன் ஒலித்ததற்காக ஒரு தலித் இளைஞரை அடித்துக் கொன்றார்கள். அந்தச் செய்தியைக் கண்டித்து நாங்கள் துண்டறிக்கை அடித்தோம். அதை விநியோகிக்கக் கொண்டுபோனதும் இதே வண்டியில்தான். இந்தத் தெருவைத் தாண்டும்போது அன்றும் செட் வாயை மூடியிருந்தது. கூட்டத்தில் உரக்கப் பேசுகிற எங்களுக்கு, ஐந்து அடியில் இருக்கும் அந்தக் குமிழ் கண்ணில் படாமலே இருந்திருக்கிறது.

செட்டில் குரல் இறங்கியதும் ஆயா நிமிர்ந்து பார்த்தார். என்ன நினைத்தாரோ தெரியாது. பாட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்திருக்கலாம். தன் கையிலிருந்த பிளேயரின் பட்டனை அழுத்தினார். அழுத்திக்கொண்டே இருந்தார். பிளேயர் உச்சத்துக்குப் போய் ஆயாவின் குரல் உடைந்து கரகரத்தது. அண்ணன் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். நாங்கள் எதுவும் சொல்லவில்லை. "ஆயா, நீ கொறச்சுக்க. நான் ஏத்தறேன்" என்று சொல்லிவிட்டுச் செட்டின் குமிழைத் திருப்பினார். எங்களில் ஒருவர் பிளேயரை முக்காலுக்கு இறக்கினார். குரல் தெளிந்தது. வேகத்தடை ஏறி இறங்கினோம். கண்ணாடிகள் எல்லாம் திறந்துதான் இருந்தன.

அப்போது ஓடிக்கொண்டிருந்தது தாலாட்டு. ஆயா தன் பேத்திக்குப் பாடியது. தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் இழுவை கிட்டத்தட்ட ஒன்றுதான், கேட்டவர்களுக்குத் தெரியும். கோயில் திண்ணையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். வண்டி மெதுவாகப் போனதால் அவர்கள் முகம் நன்றாகத் தெரிந்தது. கோபம் எதுவும் இல்லை. திடுக்கிட்டுப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தே வந்துவிட்டார்.

"யாருடா செத்தது?" என்றார்.

அந்தத் தெருவில் அந்தக் குரலுக்கு அது ஒன்றுதான் அர்த்தம். அவர் வீட்டுச் சாவுக்கும் ஆயாதான் அழுதிருக்கிறார். பின் சீட்டில் ஆயா உட்கார்ந்திருந்ததை அவர் பார்க்கவில்லை.

"யாரும் சாவலைங்க" என்றார் அண்ணன். "ஆயா ஆசுபத்திரியிலேர்ந்து வருது. அது பாட்டுதான்."

பெரியவர் குனிந்து வண்டிக்குள் பார்த்தார். ஆயா அவரைப் பார்த்தார். கையெடுத்துக் கும்பிடவில்லை, ஏனென்றால் கையில் பிளேயர் இருந்தது. பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, ஒன்றும் சொல்லாமல் திண்ணைக்குத் திரும்பினார். நாங்கள் காலனிக்குப் போய்ச் சேர்ந்தோம். இதற்கு மேல் அன்று எதுவும் நடக்கவில்லை. இதைப் பெரிய வெற்றி என்று சொல்லிக்கொள்ளவும் நாங்கள் தயாராக இல்லை. ஒரு குமிழ் ஒரு நாள் திரும்பாமல் இருந்தது, அவ்வளவுதான். அடுத்த வாரம் ஒரு கேசட்டைப் போட்டுக்கொண்டு அதே வழியில் வந்தபோது அண்ணனின் கை மறுபடியும் போனது. பாதி வழியில் நின்று, ஸ்டியரிங்குக்குத் திரும்பியது.

இதைப் படிக்கிற தோழர்களுக்கு இரண்டு சொல்ல வேண்டும். உங்களிடமும் பழைய வண்டியும் பழைய செட்டும் இருந்தால் அவசரப்பட்டுத் தூக்கி எறியாதீர்கள். மேலே சொன்னதைச் செய்து பாருங்கள், பெரிய செலவு இல்லை. அதைவிட முக்கியம் அடுத்தது. உங்கள் காலனியில் பாடத் தெரிந்த ஆயாவோ தாத்தாவோ இருந்தால் இந்த மாதமே பதிவு செய்யுங்கள். நல்ல மைக் கிடைக்கட்டும், அமைதியான அறை கிடைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கோழி கூவினால் கூவட்டும். பதிவு செய்ததை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். ஆயாவின் பதினேழு பாட்டும் இப்போது மூன்று வீடுகளில், மூன்று கருவிகளில் இருக்கின்றன.

வண்டி காலனியில் நிற்கிற மாலை நேரங்களில் ஆயா வந்து கதவைத் தட்டுகிறார். அண்ணன் சாவியைத் திருகிச் செட்டை மட்டும் போட்டுவிட்டு இறங்கிக்கொள்கிறார். பிள்ளைகள் வந்து ஏறிக்கொள்கின்றன. இன்ஜின் ஓடாமல் செட்டை இப்படி ஓடவிட்டால் பேட்டரி இறங்கிவிடும். இரண்டு முறை இறங்கியும்விட்டது. தள்ளித்தான் ஸ்டார்ட் செய்தோம்.